இலவச ஏஐயா, சந்தா ஏஐயா, சொந்த ஏஐயா? கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் பெர்ப்லெக்சிட்டி ப்ரோ என்ற ஏஐ சேவையை ஓராண்டுக்குச் சும்மா தந்தது. அக்டோபர் கடைசியில் ஜியோ களமிறங்கி, கூகுள் ஜெமினி ப்ரோ 18 மாதம் இலவசம் என்றது. முதலில் அது கிடைத்தது 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, அதாவது கல்லூரிப் பிள்ளைகளுக்கு. நவம்பர் 4-லிருந்து, மாதம் 399 ரூபாய் விலை வைத்திருந்த சாட்ஜிபிடி கோவும் ஓராண்டு இலவசமானது. தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் மடிக்கணினியோடு பெர்ப்லெக்சிட்டி ப்ரோ ஆறு மாதச் சந்தாவும் சேர்ந்தே வருகிறது.

ஆக, மாணவர்கள் கையில் ஏஐயைக் கொடுக்கலாமா என்று இனிமேல் கூட்டம் போட்டுப் பேசுவதில் பொருளில்லை. கொடுத்தாகிவிட்டது. கல்வி நிறுவனமும் கல்வித்துறையும் எந்த ஏற்பாட்டுக்குள் போவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. தடை போட்டுப் பிடிப்பது, இலவசத்தை ஏற்றுக்கொள்வது, காசு கொடுத்து மொத்தமாக உரிமம் வாங்குவது, சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொள்வது என்று நான்கு வழிகளையும் உலகத்தில் யாராவது ஒருவர் நடந்து பார்த்துவிட்டார்கள். அவரவர் பட்டதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எனக்குத் தெரிந்து துருக்கியில் நடந்த ஒரு சோதனையைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஒரே ஏஐ, இரண்டு முகம்

2023 இலையுதிர் காலத்தில் துருக்கியின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பாடம் கணக்கு. ஆசிரியர் முதலில் நடத்துவார், பிறகு பயிற்சிக் கணக்குகள், கடைசியில் எந்த உதவியும் இல்லாமல் தேர்வு. பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற ஜிபிடி-4 திரை. மூன்றாவது பிரிவுக்கும் அதே ஜிபிடி-4தான். ஆனால் அதற்குப் பின்னால் ஆசிரியர்கள் எழுதிய அறிவுறுத்தல் இருந்தது: ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை இது, பிள்ளைகள் வழக்கமாகத் தப்பு செய்யும் இடம் இது, விடையைச் சொல்லாதே, அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு.

பயிற்சியில் சாதாரண ஜிபிடி வைத்திருந்தவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். ஆசிரியர் பழக்கிய ஜிபிடி வைத்திருந்தவர்கள் 127 சதவீதம். சரி, தேர்வில்? சாதாரண ஜிபிடிக்காரர்கள், ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். பழக்கிய ஜிபிடிக்காரர்களுக்கு அந்தச் சேதாரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தச் சாதாரண ஜிபிடி ஏறக்குறைய பாதித் தடவைதான் சரியான விடையே கொடுத்தது. நஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குத் தாங்கள் நஷ்டப்பட்டதும் தெரியவில்லை.

மாடல் ஒன்றுதான், நிறுவனமும் ஒன்றுதான். வித்தியாசம் பின்னால் இருந்த சில பத்தி அறிவுறுத்தலில். அந்தப் பத்திகளை எழுதும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் ஒவ்வொரு வழியிலும் தேடப் போகிறேன். கல்வி ஆய்வாளர்கள் இதைக் கற்பித்தல் பிரச்சினையாக எழுதுகிறார்கள். அரசுக்கும் வணிகத்துக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் கொள்முதல், பேரம், ஒற்றை விற்பனையாளரிடம் மாட்டிக்கொள்வது என்று வேறொரு மூலையில் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்கள் என்பது என் கருத்து. கொள்முதல் பிரிவு குமாஸ்தா டிக் அடிக்கும் ஒரு கட்டம், வகுப்பில் பிள்ளை கற்றானா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

தடை: சீக்கிரம் பேசி முடித்துவிடலாம்

நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடை செய்தன. மே மாதமே தடையை விலக்கின. பள்ளி வைஃபையில் மூடினால் பிள்ளை தன் மொபைல் டேட்டாவில் திறக்கிறான். தடை அங்கேயே முடிந்தது.

சரி, தடை வேண்டாம், கண்டுபிடிக்கும் மென்பொருள் வாங்கலாம் என்பார்கள். இதை ஓப்பன்ஏஐ நிறுவனமே முயன்றது. அதன் கண்டுபிடிப்புக் கருவி, ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தை மட்டுமே பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. 2023 ஜூலையில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் ஒரு சின்னக் கணக்குப் போட்டது: 2022-ல் தாங்கள் டர்னிட்டின் என்ற, எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளில் ஏற்றிய தாள்கள் 75,000, நிறுவனம் சொல்கிற ஒரு சதவீதத் தவறு என்றே வைத்தாலும் 750 பேர் மேல் பொய்ப்பழி. ஆகஸ்ட் 2023-ல் அந்த வசதியை அணைத்துவிட்டது.

நமக்கு இதில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாக 61 சதவீதம் "ஏஐ எழுதியது" என்று வந்தது. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கியங்கள் என்றால் கருவிக்குச் சந்தேகம். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் பையனின் எழுத்து எப்படி இருக்கும் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். கருவி அவனைத்தான் முதலில் பிடிக்கும். காசுக்கு நல்ல ஏஐ வைத்திருப்பவன் தப்பிவிடுவான். பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 33 கற்பனை மாணவர்களின் பெயரில் ஏஐ எழுதிய விடைத்தாள்களை அனுப்பிப் பார்த்தபோது 94 சதவீதம் எவர் கண்ணிலும் படவில்லை. மதிப்பெண்ணும் உண்மையான மாணவர்களைவிடக் கூடத்தான் வந்தது.

இந்த வழியை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறேன். இதற்குச் செலவிடும் பணத்தை வைவாவுக்கு ஆள் போடச் செலவிடலாம்.

இலவசம்: இதில்தான் நிதானம் வேண்டும்

முதலில் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நைஜீரியாவின் எடோ மாநிலத்தில், பெனின் நகரில், 2024 ஜூன்-ஜூலையில் உலக வங்கி ஒரு சோதனை செய்தது. உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டுப் பிள்ளைகள், பள்ளி முடிந்த பிறகு, ஆறு வாரம் ஆங்கிலம் படித்தார்கள். கையில் மைக்ரோசாஃப்ட் கோபைலட். கூடவே ஆசிரியர். முடிவில் மற்ற பிள்ளைகளைவிட 0.3 திட்டவிலக்க அளவுக்கு முன்னேற்றம். கல்விச் சோதனைகளில் இது சாதாரண எண் இல்லை. அங்கே யாரும் புதிதாக மென்பொருள் கட்டவில்லை. கடையில் கிடைக்கும் பொதுவான ஏஐதான். ஆனால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, வந்த பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் வழிநடத்தினார். கடிவாளத்தை மென்பொருளில் வைக்க முடியாவிட்டால் ஆள் கையிலாவது வைக்கலாம் என்று இது சொல்கிறது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில், வீட்டுக்குப் போய் இரவு பத்து மணிக்கு மொபைலைத் திறக்கும் பிள்ளைக்கு அந்த ஆசிரியர் கிடைக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அரசு-வணிக உறவுப் பக்கம். இந்தியாவுக்கு இலவசம் புதிதில்லை. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் நினைவிருக்கிறதா? ஏழைகளுக்கு இணையம் இலவசம், ஆனால் நாங்கள் தேர்ந்த தளங்கள் மட்டும் என்றார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்கள் கருத்தைக் கேட்டபோது, ஃபேஸ்புக் தன் பயனாளர்களையே ஒரு பொத்தானை அழுத்த வைத்து ஆதரவு மின்னஞ்சல்களை லட்சக்கணக்கில் அனுப்பியது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அதற்குக் கதவை மூடியது. அங்கே ஒழுங்குமுறை அமைப்பு என்று ஒன்று இருந்தது. அதற்கு அதிகாரமும் இருந்தது. வகுப்பறை ஏஐக்கு அப்படி ஒரு டிராய் இன்று இல்லை.

அதைவிட நெருக்கமான பாடம் பக்கத்து மாநிலத்தில். ஆந்திர அரசு 2022 ஜூனில் பைஜூஸ் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. பாடங்களை நிறுவனம் இலவசமாகத் தரும். கருவியை அரசு வாங்கும். அந்த டிசம்பரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்குமாக ஐந்து லட்சத்துக்கு மேல் டேப்லெட்டுகள் பைஜூஸ் பாடங்களோடு வழங்கப்பட்டன. 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. "இலவசம்" என்ற சொல்லுக்குக் கீழே அரசு டேப்லெட்டுகளுக்குப் பெரும் பணம் கொடுத்தது நிஜம். பாடம் தருபவர் இரண்டு ஆண்டில் நீதிமன்றப் படியில் நின்றதும் நிஜம்.

இலவசத்தில் ஒரு நுட்பமான வசதி உண்டு, நிறுவனத்துக்கு. அரசு பத்து லட்சத்துக்கு ஒன்றை வாங்கினால் ஒப்பந்தப்புள்ளி, விலை ஒப்பீடு, தணிக்கை எல்லாம் வரும். தமிழ்நாட்டில் 1998-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. காசு கைமாறாத புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு டெண்டர் விடும் வழக்கமே இல்லை. இரண்டு பேர் கோப்பை மாற்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பதோடு முடிந்தது. எதை ஒப்புக்கொண்டார்கள், பிள்ளைகளின் தரவு எங்கே போகிறது, என்றைக்கு முடிகிறது என்று கேட்க யாருக்கும் ஒரு தாள் கிடைக்காது. காசு கொடுக்காததால் தணிக்கை அதிகாரிக்கும் வேலை இல்லை.

தரவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பின்தொடர்வதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முழுமையாக அமலாக ஒன்றரை ஆண்டு அவகாசம். கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. அந்த விலக்கு கல்லூரிக்கா, கல்லூரி கைகாட்டும் நிறுவனத்துக்குமா என்பதை வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இன்னும் 17தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ இந்தியக் கல்விக்கென்று ஒரு திட்டம் அறிவித்தது: ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சுமார் ஐந்து லட்சம் உரிமங்கள், கூடவே சென்னை ஐஐடிக்கு ஏஐயும் கற்றலும் பற்றிய ஆய்வுக்கு ஐந்து லட்சம் டாலர். அமெரிக்காவில் ஆசிரியர் சங்கம் ஒன்று ஏஐ பயிற்சிக் கழகம் தொடங்க மைக்ரோசாஃப்ட், ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் மூன்றும் சேர்ந்து 2.3 கோடி டாலர் கொடுத்தன. இதில் சூது இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஆய்வு வரலாம். ஆனால் பொருளைத் தருபவர், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பவர், அது பயன்பட்டதா என்று ஆராயக் காசு தருபவர் மூவரும் ஒருவரே ஆகும்போது, முடிவை வாசிக்கும் நாம் கொஞ்சம் மெதுவாக வாசிக்க வேண்டியிருக்கிறது. துருக்கிச் சோதனை போல "கெடுத்தது" என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆய்வுக்கு யார் காசு தருவார்கள்?

இலவசத்தில் அறிவுறுத்தல் எழுதும் உரிமை யார் கையில்? முழுக்க நிறுவனத்தின் கையில். சில ஏஐகளில் "படிக்கும் முறை" என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது, உண்மைதான். அதை அணைக்கும் பொத்தான் மாணவன் கையில்.

காசு கொடுத்து மொத்த உரிமம்

கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2025 பிப்ரவரியில் இதைச் செய்தது. 23 வளாகங்கள், நாலரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள், அறுபதாயிரத்துக்கு மேல் ஊழியர்கள். ஒன்றரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.7 கோடி டாலர். தலைக்கு 35 டாலருக்கும் குறைவு. தனியாக வாங்கினால் இரண்டு மாதச் சந்தாவுக்கே அது போதாது. பெரிய கூட்டம் சேர்ந்து பேரம் பேசினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் அதே சமயத்தில்தான் அந்த அமைப்புக்குப் பெரிய நிதி வெட்டு வரும் என்று அஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதன் வளாகங்களில் ஒன்றான சொனோமாவில் பட்டப்படிப்புகளையும் துறைகளையும் மூடும் அறிவிப்பு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆசிரியர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

நம்மூர்க் கணக்கு ஒன்று போடுவோம். 3,000 பேர் படிக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரி. தலைக்கு மாதம் 399 ரூபாய், வருடத்தில் பத்து மாதம். ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம். பேரம் பேசிக் கால்வாசியாக்கினாலும் 30 லட்சம். சுயநிதிக் கல்லூரியில் இது ஃபீஸில் ஏறும். அரசுக் கல்லூரியில் இந்தப் பணமே இருக்காது. இலவசம் முடிகிற நாளில் இந்தக் கணக்கு மேசைக்கு வரும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மொத்த உரிமத்தில் நான் மதிக்கும் மாதிரி எஸ்தோனியா. நாட்டின் மொத்த மக்கள்தொகை கோயம்புத்தூர் நகரத்தில் அடங்கிவிடும். 1990-களில் "புலிப் பாய்ச்சல்" என்று எல்லாப் பள்ளிகளுக்கும் கணினியும் இணையமும் கொண்டுபோன அனுபவம் அவர்களுக்கு உண்டு. 2025 செப்டம்பரில் "ஏஐ பாய்ச்சல்" தொடங்கியது. 10, 11-ஆம் வகுப்பில் 20,000 பிள்ளைகள், 3,000 ஆசிரியர்கள். நிறுவனங்களோடு பேசியது கல்வி அமைச்சகத்தின் ஒரு பிரிவு இல்லை. அரசும் உள்ளூர்த் தொழில்முனைவோரும் சேர்ந்து அமைத்த ஓர் அறக்கட்டளை. பேரம் பேசத் தெரிந்தவர்களும் பள்ளியைத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் இருந்தார்கள். ஆசிரியர் பயிற்சி முதலில், பிள்ளைகளுக்கு அப்புறம். இந்த வரிசையை மட்டும் காப்பியடித்தாலே போதும்.

எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தது தென்கொரியா. அங்கே ஏஐ பாடநூல் என்று ஒன்றை அதிபரின் முத்திரைத் திட்டமாக்கி, அரசு கோடிகளைக் கொட்டி, பதிப்பாளர்களையும் கோடிகளைக் கொட்ட வைத்து, 2025 மார்ச்சில் வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்கள் தயாராக இல்லை; பெற்றோர் பிள்ளைகள் திரையைப் பார்க்கும் நேரம் போதாதா என்றார்கள்; பாடநூலில் தவறுகள். ஜூனில் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 4-ல் நாடாளுமன்றம் அதைப் "பாடநூல்" என்ற தகுதியிலிருந்து "துணைப் பொருள்" என்று இறக்கியது. அடுத்த பருவத்தில் ஏறக்குறைய பாதிப் பள்ளிகள் கழன்றுகொண்டன. முதலீடு செய்த பதிப்பாளர்கள் வழக்கு என்று கிளம்பினார்கள். அரசை நம்பி வணிகம் கெட்டதற்கும் உதாரணம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாம் எப்போதும் மறுபக்கத்தை மட்டும் பார்க்கிறோம். ஒரு கட்சியின் திட்டமாகப் பெயர் வாங்கிவிட்டால், அடுத்த தேர்தல்தான் அதன் காலாவதித் தேதி.

சொந்தமாகக் கட்டுவது

"சொந்த ஏஐ" என்றதும் சொந்த மாடல் என்று பயப்பட வேண்டாம். மாடல் வெளியிலிருந்து வரும். நாம் கட்டுவது அதற்கு முன்னால் நிற்கும் திரையும், பின்னால் நிற்கும் அறிவுறுத்தலும், தரவு போகும் பாதையும்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கல்வித்துறை இப்படித்தான் செய்தது. 2024 தொடக்கத்தில் 16 அரசுப் பள்ளிகளில் பரிசோதனை, பிறகு 50, பிறகு ஆசிரியர்கள் எல்லோருக்கும், அதன் பின் 2025 அக்டோபரில் ஐந்தாம் வகுப்பு முதல் உள்ள பிள்ளைகளுக்கு. பிள்ளை கேள்வி கேட்டால் அது விடையைத் தூக்கிக் கொடுக்காது. நீ என்ன நினைக்கிறாய் என்று எதிர்க்கேள்வி கேட்கும். பாடத்திட்டத்துக்கு வெளியே போனால் திரும்பக் கூட்டிவரும். தெற்கு ஆஸ்திரேலியாவும் 2023-லேயே மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து இதே மாதிரி ஒன்றைச் செய்தது. இரண்டும் துருக்கியின் மூன்றாவது பிரிவுக்கு நெருக்கமானவை.

நம் பாடத்திட்டத்துக்கு இது எப்படி இருக்கும்? பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொது ஏஐயிடம் கேட்டால் சூத்திரத்தைப் போட்டு இரண்டு வரியில் விடையைக் கொடுத்துவிடும். கேள்வியோ "வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க" என்று இருந்திருக்கும். ஸ்டெப் மார்க் போச்சு. சொந்தத் திரைக்குப் பின்னால் ஓர் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் இப்படி எழுதி வைக்கலாம்: "கேள்வியில் சொன்ன முறையிலேயே செல். முதல் படியில் எக்ஸ் வர்க்கத்தின் கெழுவால் எல்லா உறுப்பையும் வகுக்க மறந்துவிடுவார்கள். அங்கே நிறுத்திக் கேள். மாணவர் ஒரு வரி எழுதிக் காட்டாமல் அடுத்த வரிக்குப் போகாதே. மூன்று முறை தவறினால் மட்டும் அந்தப் படியைச் செய்து காட்டு." இதை எழுத மென்பொருள் பொறியாளர் வேண்டாம். இருபது வருடம் விடைத்தாள் திருத்தியவர் வேண்டும். அவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். இலவசத் திட்டத்தில் அவர்கள் அறிவுக்கு உள்ளே நுழைய வாசல் இல்லை.

செலவு? மாடலைப் பயன்படுத்திய அளவுக்குத்தான் காசு. முன்பு இதில் தமிழுக்கு ஒரு தண்டம் இருந்தது. ஏஐ எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கும், துண்டுக்கு இவ்வளவு என்று விலை. ஆங்கிலத்தைவிடத் தமிழ் பல மடங்கு துண்டானது. 2024 மேயில் ஜிபிடி-4ஓ வந்தபோது நிறுவனம் காட்டிய மாதிரி வாக்கியத்தில் தமிழ் 116 துண்டிலிருந்து 35-ஆகக் குறைந்தது. தமிழில் பேசும் ஒரு பாடத் துணைவனை மாநில அளவில் ஓட்டுவது அதன் பிறகுதான் கட்டுப்படியாகும் பேச்சானது.

இந்த வழியிலும் குழி உண்டு, ஆழமாகவே. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் தனக்கென்று ஒரு ஏஐ நண்பனைக் கட்ட ஒரு சின்ன நிறுவனத்துக்கு 60 லட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தம் கொடுத்தது. 2024 மார்ச்சில் சிரிக்கும் சூரியன் முகத்தோடு அமர்க்களமாகத் தொடங்கினார்கள். ஜூனில் அந்த நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கொடுத்தாகிவிட்டது. நவம்பரில் அதன் நிறுவனர் மீது முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக வழக்கு. "சொந்தம்" என்று பெயர் வைத்துவிட்டு, கட்டும் வேலையை முழுசாக ஒருவரிடம் விட்டதன் விளைவு இது.

துறைக்குள்ளேயே ஆள் இருந்தால்தான் சொந்தமாகக் கட்டுவது நடக்கும். இந்தியாவில் அதற்கு நெருங்கிய மாநிலம் கேரளம். அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே ஓட்டுகிறது. உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019-லேயே கணக்குச் சொன்னது. 2024-ல் 80,000 ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி தொடங்கியதும் அதுதான். அந்த 3,000 கோடியைக் கொஞ்சம் குறைத்தே நம்பினாலும், பேரம் பேசும் மேசையில் "நாங்களே செய்துகொள்வோம்" என்று சொல்லக்கூடிய அரசுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் வேறு விலைதான் சொல்வார்.

அப்புறம், எதைத் தேர்வது?

நீங்கள் ஒரு தனி ஆசிரியர் என்றால் முடிவு எளிது. பிள்ளைகளிடம் இருக்கும் இலவசத்தை வைத்தே நைஜீரிய வழியில் போங்கள்; வாரம் ஒரு மணி நேரம் திரையைப் போட்டு, ஏஐயின் பதிலை வகுப்போடு சேர்ந்து கிழியுங்கள். மிச்ச நேரம் பேனாவும் தாளும்.

ஒரு கல்லூரி என்றால் மாணவர் எல்லோருக்கும் உரிமம் வாங்க வேண்டாம். 25 மதிப்பெண் இன்டர்னலில் அசைன்மென்டுக்கு உள்ள பங்கை வகுப்பிலேயே எழுதுவதற்கும் ஐந்து நிமிட வைவாவுக்கும் மாற்றுங்கள். ஆசிரியர்களில் ஆர்வமுள்ள பத்துப் பேருக்குக் கட்டணக் கணக்கு வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் அதிகம் அரியர் வைக்கும் இரண்டு பாடங்களுக்கு மட்டும் அறிவுறுத்தல் எழுதச் சொல்லுங்கள். ஏஐயைப் பிள்ளையிடம் கொடுப்பதைவிடச் சொல்லிக்கொடுப்பவரிடம் கொடுப்பதில் செலவு குறைவு என்பதற்கு ஸ்டான்ஃபோர்டின் இன்னொரு சோதனை சாட்சி: 900 பயிற்றுநர்கள், 1,800 மாணவர்கள், பயிற்றுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 20 டாலர்; திறமை குறைந்த பயிற்றுநர்களிடம் படித்த பிள்ளைகளே அதிகம் பலனடைந்தார்கள்.

மாநிலக் கல்வித்துறை என்றால் என் ஓட்டு சொந்தத் திரைக்குத்தான். சின்னதாக, பதினாறு பள்ளிகளில், ஒரு வகுப்பு ஒரு பாடம் என்று. கட்டுபவர்கள் துறையின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு ஆண்டு பிடிக்கும். அமைச்சர்களுக்கு இரண்டு ஆண்டு நீளம் என்பது தெரியும். அதற்குள் இலவசக்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் தெரியும். வரட்டும். வாங்கிக்கொள்வதிலும் தப்பில்லை, சில வரிகள் தாளில் இருந்தால்: ஒப்பந்தம் முழுசாக இணையத்தில் வெளியாக வேண்டும், காசு இல்லாத ஒப்பந்தமும். எந்த மாடலையும் கழற்றி வேறொன்றை மாட்டும் உரிமை துறைக்கு. ஆசிரியர்கள் எழுதிய அறிவுறுத்தல்களும் கேள்வித் தொகுப்பும் துறையின் சொத்து. பிள்ளைகளின் உரையாடலை மாடலைப் பழக்கப் பயன்படுத்தக் கூடாது. முடியும் நாளில் அழித்துவிட்டு எழுத்தில் சான்று தர வேண்டும். பலன் இருந்ததா என்று பார்க்கும் ஆய்வுக்கு நிறுவனம் காசு தரக் கூடாது, முடிவு பாதகமாக இருந்தாலும் வெளியிடத் தடை இருக்கக் கூடாது.

தேதி விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆறு மாதச் சந்தாவை ஜனவரியில் தொடங்கினால் ஜூலையில், புதுக் கல்வியாண்டு சூடுபிடிக்கும்போது நின்றுவிடும். அந்த நேரத்தில் நின்றால் பிள்ளைகளே காசு கட்டித் தொடர்வார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். ஒப்பந்தம் முடியும் தேதி மே மாதத்தில் விழும்படி கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள்.